டேபிள் டென்னிஸ்ல ஸ்கோர் எண்ணுறது எப்படி? டாஸ்லேருந்து டியூஸ் வரைக்கும் முழுசா

போன பொங்கலுக்கு எங்க வீட்டுல நடந்தது இது. காரைக்குடிக்குப் பக்கத்து ஊரு, பழைய வீடு, விசேஷத்துக்குப் பந்தி போடுற நீள ஹால் வருஷத்துல முக்காவாசி நாள் சும்மாதான் கெடக்கும், அதனால அங்கதான் டிடி டேபிளைப் போட்டு வச்சிருக்கோம். சென்னைலேருந்தும் கோயம்புத்தூர்லேருந்தும் வந்த பிள்ளைக மத்தியானம் சாப்பிட்ட கை காயறதுக்குள்ள பேட்டைத் தூக்கிட்டு வந்துருவாங்க. அன்னைக்கு 8-7ன்னு வந்தப்ப ஒரே சத்தம். என்னடான்னு போய்ப் பாத்தா ஸ்கோர்ல தகராறே இல்ல, ரெண்டு பேருமே 8-7ன்னு ஒத்துக்கறாங்க, இப்ப சர்வீஸ் யாருக்குங்கறதுலதான் பிரச்சனை, ஒருத்தன் நான் ஒண்ணுதான் போட்டேங்கறான் இன்னொருத்தன் ரெண்டும் போட்டுட்டடாங்கறான். நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், "இந்த கேம்ல மொத சர்வீஸ் யாரு போட்டது?" பெரியவன் கையத் தூக்குனான். "அப்ப இப்ப சின்னவன் சர்வீஸ், அதுவும் அவனோட ரெண்டாவது, போடுப்பா"ன்னேன். ஆட்டத்தையே பாக்கல, எப்படி பெரியப்பா சொன்னீங்கன்னு ரெண்டு பேரும் வாயப் பொளந்துட்டானுக.

விஷயம் என்னன்னா டேபிள் டென்னிஸ் ஸ்கோருக்குள்ளயே சர்வீஸ் யாருக்குங்கறதும் சேந்தே இருக்கு. அதைப் படிக்கத் தெரிஞ்சா பாதி சண்டை வராது. அன்னைக்கு அவங்களுக்கு உக்காந்து சொல்லிக் குடுத்ததை அப்படியே இங்க எழுதுறேன், புதுசா வெளையாட ஆரம்பிக்கிற யாருக்கும் உதவும், டிவில மேட்ச் பாக்குறவங்களுக்கும் உதவும்.

மொதல்ல அடிப்படை: பாயிண்ட், கேம், மேட்ச்

ஒரு ரேலி, அதாவது சர்வீஸ்லேருந்து பந்து தவறுற வரைக்கும் மாறி மாறி அடிக்கறது, முடிஞ்சா யாராச்சும் ஒருத்தருக்கு ஒரு பாயிண்ட். சர்வீஸ் போட்டவருக்குத்தான் பாயிண்ட் வரும்னு எல்லாம் கெடையாது, யாரு ரேலிய ஜெயிச்சாலும் பாயிண்ட் அவங்களுக்கு. 11 பாயிண்ட் மொதல்ல எடுத்தவங்க அந்த கேமை ஜெயிப்பாங்க, நம்ம ஊர்ல செட்டுன்னும் சொல்லுவோம், ரெண்டும் ஒண்ணுதான். ஆனா 2 பாயிண்ட் வித்தியாசம் இருக்கணும். 11-9 ஜெயிச்சாச்சு, 11-10 இன்னும் முடியல.

மேட்ச்சுங்கறது ஒத்தைப்படை எண்ணிக்கைல கேம். 5 கேம் மேட்ச்னா 3 எடுத்தவங்க ஜெயிப்பாங்க, 7 கேம் மேட்ச்னா 4. வீட்டுல 3 கேம் வச்சு ஆடுனாலும் தப்பில்ல, கணக்கு அதேதான். ஒவ்வொரு கேமும் புதுக்கணக்கு, போன கேம் பாயிண்ட் எதுவும் அடுத்ததுக்கு வராது, இதை நல்லா மனசுல வச்சுக்கங்க. 11-9, 11-9, 2-11, 3-11, 11-9ன்னு ஒரு மேட்ச் முடிஞ்சா ஜெயிச்சவர் மொத்தம் எடுத்தது 38 பாயிண்ட், தோத்தவர் எடுத்தது 49. பதினோரு பாயிண்ட் கூட எடுத்தும் தோத்துட்டார்! அதனாலதான் 2-10ல இருக்கும்போது அந்த கேமை நெனச்சு உருகாம அடுத்த கேமுக்கு மனச தயார் பண்ணிக்கறது இதுல ஒரு பெரிய திறமை.

வயசானவங்க கூட ஆடுனா 21ன்னு சொல்லுவாங்க. அவங்க தப்பா சொல்லல, நான் ஸ்கூல் படிக்கும்போது 21தான், ஆளுக்கு 5 சர்வீஸ். 2001 செப்டம்பர்லேருந்துதான் உலகம் முழுக்க 11க்கு மாறுச்சு, சர்வீஸும் 5லேருந்து 2 ஆச்சு. அதுக்கு முந்துன வருஷம்தான் பந்தையே 38 மில்லிமீட்டர்லேருந்து 40க்குப் பெருசாக்குனாங்க. 21 இருந்தப்ப 15-8ன்னு பின்தங்குனாக்கூட பைய பைய எட்டிப் புடிக்கலாம், 11ல அந்த வசதி இல்ல, ரெண்டு சர்வீஸ் கோட்ட விட்டாலே கேம் கைய விட்டுப் போற மாதிரி ஆயிரும். பாக்குறவங்களுக்கு இதுதான் நல்லா இருக்கு, எனக்கும் 11தான் புடிச்சிருக்கு.

அடுத்து டாஸ்

டாஸ் ஜெயிச்சவருக்கு மூணு வழி. சர்வீஸ் எடுத்துக்கலாம், இல்ல எதிராளிய மொதல்ல சர்வீஸ் போடச் சொல்லலாம், இல்ல எந்தப் பக்கம் நிக்கறதுன்னு சொல்லலாம். ஒண்ணை இவரு எடுத்தா மத்தது அவருக்கு. எங்க ஹால்ல ஒரு பக்கம் வளவு, அதாவது தெறந்த முத்தம், வெயில் நேரா கண்ணுல அடிக்கும், அதனால பிள்ளைக எல்லாரும் பக்கத்தைத்தான் எடுப்பானுக, சர்வீஸை விட்டுருவானுக.

டாஸ் முடிஞ்சதும் ஒரு வேலை இருக்கு, யாரு மொத சர்வீஸ்னு ஒரு சீட்டுல குறிச்சு வைங்க. வீட்டுப் பெரியவங்க பேரேடு எழுதுறப்ப தேதி போடாம ஒரு வரி எழுத மாட்டாங்கல்ல, அந்த மாதிரி இது. இந்த ஒரு வரி இருந்தா மத்த எல்லாத்தையும் ஸ்கோர்லேருந்தே எடுத்துரலாம்.

சர்வீஸ் கணக்கு, இதுதான் முக்கியம்

ஆளுக்கு ரெண்டு ரெண்டு சர்வீஸ். பாயிண்ட் யாருக்குப் போனாலும் சரி, ரெண்டு போட்டதும் மாறிரும். அதனால ரெண்டு பேரோட ஸ்கோரையும் கூட்டுங்க. கூட்டுத்தொகை ரெட்டைப்படைன்னா சர்வீஸ் இப்பத்தான் மாறியிருக்கு, போடப்போறது அவரோட மொத சர்வீஸ். ஒத்தைப்படைன்னா அது ரெண்டாவது. இது ஒரு பாதி. இனி யாருக்குன்னு தெரியணும்ல, அதுக்குக் கூட்டுத்தொகைய 4ஆல வகுத்து மிச்சம் பாருங்க. மிச்சம் 0 இல்லாட்டி 1 வந்தா கேமை ஆரம்பிச்சவரோட சர்வீஸ், 2 இல்லாட்டி 3 வந்தா இன்னொருத்தரோடது. அவ்வளவுதான்.

பொங்கல் சண்டைக்கு வாங்க. 8-7, கூட்டுனா 15, நாலால வகுத்தா மிச்சம் 3. ஆரம்பிச்சது பெரியவன், அப்ப இது சின்னவனோடது, 15 ஒத்தைப்படை, அதனால ரெண்டாவது சர்வீஸ். இன்னொண்ணு போட்டுப் பாப்போம், 6-3ன்னா 9, மிச்சம் 1, ஆரம்பிச்சவரோட ரெண்டாவது. 5-5ன்னா 10, மிச்சம் 2, இன்னொருத்தரோட மொத சர்வீஸ். ஒரு வாரம் ஆடுனா வகுக்கவே வேண்டியதில்ல, 4, 8, 12, 16ன்னு கூட்டு வந்தாலே ஆரம்பிச்சவரு கைக்குப் பந்து தானாப் போயிரும்.

பெரியவங்களோட 21 ஆடுனா கூட்டுத்தொகை 5, 10, 15ன்னு வர்றப்ப எல்லாம் சர்வீஸ் மாறும், அங்க எல்லாரும் கூட்டித்தான் பாப்பாங்க, 11 வந்ததும் அந்தப் பழக்கம் என்னமோ விட்டுப் போச்சு, அதான் இவ்வளவு சண்டை.

ஸ்கோரை வாயால சொல்லும்போது சர்வீஸ் போடப்போறவரோட ஸ்கோரை மொதல்ல சொல்லணும். ஆரம்பத்துல 0-0ங்கறதை "லவ் ஆல்"னு சொல்லுவாங்க. பெரியவன் 8, சின்னவன் 7, சர்வீஸ் சின்னவனுக்குன்னா அதை "7-8"ன்னுதான் சொல்லணும். இந்தப் பழக்கம் இருந்தாலே ஒவ்வொரு பாயிண்டுக்கும் சர்வீஸ் யாருதுன்னு எல்லார் காதுலயும் விழுந்துக்கிட்டே இருக்கும். பிள்ளைககிட்ட நான் கறாரா இருக்கறது இது ஒண்ணுலதான், சத்தமா ஸ்கோர் சொல்லாம பந்தைத் தூக்கிப் போடக்கூடாது.

10-10 வந்துட்டா

இதுதான் டியூஸ். இங்கேருந்து ஆளுக்கு ஒரே ஒரு சர்வீஸ், மாறி மாறி. யாரு ரெண்டு பாயிண்ட் முன்னால போறாங்களோ அவங்களுக்கு கேம், அதுக்கு மேல்வரம்பு கெடையாது, 15-13ம் வரும் 20-18ம் வரும். 10-10ல சர்வீஸ் யாருக்கு? கூட்டுனா 20, நாலால வகுத்தா மிச்சம் இல்ல, அப்ப கேமை ஆரம்பிச்சவருக்குத்தான். அங்கேருந்து கூட்டு ரெட்டைப்படையா வந்தா ஆரம்பிச்சவர், ஒத்தைப்படைன்னா மத்தவர், வகுக்கறது கூட வேண்டாம்.

ஒரு டியூஸை மெதுவா ஓட்டிப் பாப்போம். பெரியவன் ஆரம்பிச்ச கேம். 10-10, பெரியவன் போடுறான், ஜெயிக்கறான். இப்ப பெரியவன் 11, சர்வீஸ் சின்னவனுக்குப் போகுது, அதனால "10-11"ன்னு சொல்லணும். சின்னவன் போட்டு ஜெயிக்கறான், 11-11. மறுபடி பெரியவன் போடுறான், நெட்டுல அடிச்சுட்டான். சர்வீஸ் சின்னவனுக்கு, "12-11". சின்னவன் போட்டு ஜெயிச்சான், 13-11, கேம் முடிஞ்சுது. கடைசி பாயிண்ட்ல சர்வீஸ் கையில இருந்தது பெரிய பலம், டியூஸ்ல ஒரு பாயிண்ட் முன்னால இருக்கும்போது சர்வீஸ் நம்ம கைக்கு வருதா எதிராளி கைக்குப் போகுதாங்கறதைத் தெரிஞ்சு வச்சிருக்கணும், அதுக்குத் தக்கன ஆடணும்.

பாயிண்ட் எப்பெல்லாம் போகும்

எல்லாத்தையும் அடுக்குனா ரொம்ப நீளம், வழக்கமா சந்தேகம் வர்ற எடங்களை மட்டும் சொல்றேன்.

சர்வீஸ்லேருந்து ஆரம்பிப்போம். உள்ளங்கைய விரிச்சு அதுல பந்தை அசையாம வைக்கணும், நேரா மேல குறைஞ்சது 16 சென்டிமீட்டர் தூக்கிப் போடணும், கீழ இறங்கும்போதுதான் அடிக்கணும், பந்து எப்பவும் டேபிள் மட்டத்துக்கு மேலயும் நம்ம பக்கத்துக் கடைசிக் கோட்டுக்குப் பின்னாலயும் இருக்கணும், உடம்பாலயோ கையாலயோ எதிராளி கண்ணுலேருந்து மறைக்கக்கூடாது. மொதல்ல நம்ம பக்கம் ஒரு குத்து, அப்புறம் எதிர்ப்பக்கம். சிங்கிள்ஸ்ல குறுக்கதான் போடணும்னு ஒரு நம்பிக்கை எங்க ஊர்ல இன்னும் இருக்கு, அது டபுள்ஸுக்கு மட்டும்தான், சிங்கிள்ஸ்ல எதிர்ப்பக்கம் எங்க வேணாலும் விழலாம்.

தூக்கிப் போட்டுட்டு பந்து சரியா வரலன்னு கையால புடிச்சுக்கறது, அப்புறம் "இரு இரு மறுபடி போடுறேன்"ங்கறது, இது செல்லாது. போடணும்னு தூக்குனாலே ஆட்டம் ஆரம்பிச்சாச்சு, அடிக்காம விட்டாலும் வீசித் தவறுனாலும் பாயிண்ட் எதிராளிக்கு.

சர்வீஸ்ல பந்து நெட்டைத் தொட்டுட்டு அந்தப் பக்கம் ஒழுங்கா விழுந்தா லெட், பாயிண்ட் இல்ல, மறுபடி போடணும், இத்தனை தடவைதான்னு கணக்கு கெடையாது. நெட்டைத் தொட்டு டேபிள்ல விழாம வெளிய போனா லெட் இல்ல, பாயிண்ட் போச்சு. ரேலி நடுவுல நெட்டுல பட்டு அந்தப் பக்கம் விழுந்தா ஆட்டம் தொடரும், அடிச்சவர் கையத் தூக்கி ஒரு சாரி சொல்றது மரியாதை.

எதிராளி தயாராகறதுக்கு முன்னால போட்டுட்டா, அவரும் அடிக்க முயற்சி பண்ணலன்னா அதுவும் லெட். நடுவுல குறுக்க யாராச்சும் ஓடி வந்தா லெட், பந்து ரேலி நடுவுல ஒடைஞ்சு போனா லெட். எங்க வீட்டுல அடுக்களையிலேருந்து பலகாரத் தட்டோட யாராச்சும் ஹாலைத் தாண்டுனா அதுவும் லெட்டுதான், தட்டுல சீயமும் கல்கண்டு வடையும் இருந்தா ஆட்டமே கொஞ்ச நேரம் நிக்கும்.

தூண்ல பட்டா என்னன்னு எங்க ஊர் வீடுகள்ல எல்லாரும் கேப்பாங்க, பெரிய பெரிய தேக்குத் தூணு சுத்தி நிக்குதுல்ல. நீங்க அடிச்ச பந்து எதிராளி டேபிள்ல விழாம நேரா தூண்ல பட்டா பாயிண்ட் அவருக்கு. ஒழுங்கா அவரு டேபிள்ல குத்திட்டு, அவரு அடிக்கறதுக்கு முந்தி தூண்ல பட்டா பாயிண்ட் உங்களுக்கு. செவரு, உத்தரம், தரை எல்லாத்துக்கும் இதே கணக்கு.

பேட் புடிக்காத கை டேபிள் மேல்பரப்பைத் தொட்டா பாயிண்ட் போச்சு. ஒரு ஷார்ட் பந்தை எட்டி அடிக்கறப்ப இடது கைய ஊணிக்கறது புதுசா ஆடுறவங்களுக்கு வரும், அந்த ரேலிய எவ்வளவு அழகா ஜெயிச்சாலும் செல்லாது. டேபிளை இடிச்சு நகத்துனாலும் அப்படித்தான், நெட்டைத் தொட்டாலும் அப்படித்தான். பேட் புடிச்ச கையில மணிக்கட்டுக்குக் கீழ விரல்ல பட்டுப் போன பந்து மட்டும் நல்ல பந்து, நெறைய பேரு இதைத் தப்புன்னு நெனச்சு தாங்களே பாயிண்டை விட்டுக்குடுக்கறாங்க.

இன்னொண்ணு, எதிராளி அடிச்ச பந்து வெளிய போகுது, குத்தாமலே நம்ம மேல வருது, கையால புடிச்சுட்டோம். பந்து டேபிளுக்கு மேல இருக்கும்போதோ டேபிளைப் பாத்து வரும்போதோ தொட்டா பாயிண்ட் அவருக்கு. டேபிளைத் தாண்டிப் பின்னால வந்துட்டா அது ஏற்கெனவே வெளிய போன பந்து, புடிச்சாலும் மார்ல பட்டாலும் பாயிண்ட் நமக்குத்தான்.

நெட்டுக்கு மேலதான் போகணும்னு இல்ல. ரொம்ப அகலமா வந்த பந்தை நெட்டு கம்பிக்கு வெளிப்பக்கமா, டேபிள் மட்டத்தை ஒட்டி சுத்தி அடிச்சு எதிர்ப்பக்கம் விழ வச்சாலும் நல்ல பந்து. பாத்தா கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கும்.

எட்ஜா, சைடா

எவ்வளவு ஆடுனாலும் தீராத சண்டை இது. டேபிள் மேல்பரப்போட மேல் விளிம்பு டேபிளைச் சேந்தது, அதுல பட்டா நல்ல பந்து. அதுக்குக் கீழ நேரா நிக்கற பக்கவாட்டுப் பலகைல பட்டா வெளிய.

கண்டுபுடிக்க ஒரு வழி, பந்து பட்டதுக்கு அப்புறம் எங்கிட்டுப் போகுதுன்னு பாக்கணும். மேல் விளிம்புல உரசுன பந்து சின்னதா எம்பும், இல்ல வெளிப்பக்கமா தள்ளிப் பறக்கும். பக்கவாட்டுல பட்ட பந்து நேரா கீழ இறங்கிரும். சத்தமும் வேற, விளிம்புல பட்டா ஒரு சன்னமான கிணுக், பக்கவாட்டுல பட்டா மொத்தமா ஒரு டொக். அப்புறம் எந்தப் பக்கத்துலேருந்து வந்துச்சுன்னும் யோசிங்க, டேபிளுக்கு வெளியிலேருந்து தாழ்வா வந்த பந்து அடிச்சவருக்கு எதுத்தாப்புல இருக்கற பக்கவாட்டுலதான் பட வாய்ப்பு அதிகம். அம்பயர் இல்லாத ஆட்டத்துல யாருக்குப் பக்கத்துல பட்டுச்சோ அவரு சொல்றதை ஏத்துக்கறது எங்க வீட்டு வழக்கம், அவரும் நெஞ்சைத் தொட்டுச் சொல்லணும். ரெண்டு பேருக்குமே தெரியலன்னா அந்தப் பாயிண்டை மறுபடி ஆடிருவோம்.

பக்கம் மாறுறது

ஒவ்வொரு கேம் முடிஞ்சதும் பக்கம் மாறணும். போன கேம்ல மொதல்ல ரிசீவ் பண்ணவரு இந்த கேம்ல மொதல்ல சர்வீஸ். அதனால 1, 3, 5ன்னு ஒத்தைப்படை கேம் எல்லாம் டாஸ்ல ஆரம்பிச்சவரே ஆரம்பிப்பார்.

கடைசி கேம்ல மட்டும், அதாவது 2-2ன்னு வந்து அஞ்சாவது ஆடும்போது, யாராச்சும் மொதல்ல 5 தொட்டதும் பக்கம் மாறணும். மறந்துட்டா ஞாபகம் வந்த உடனே மாறிக்கணும், எடுத்த பாயிண்ட் எல்லாம் அப்படியே நிக்கும். சர்வீஸ் வரிசை தப்பாப் போயிருந்தாலும் இதே விதி, சரியான வரிசைக்குத் திரும்பிக்கணும், பாயிண்டை அழிக்கக்கூடாது. இது தெரியாம மூணு பாயிண்டை ரத்து பண்ணிட்டு மறுபடி ஆடுறதைப் பல எடத்துல பாத்திருக்கேன்.

டபுள்ஸ், இங்கதான் தலை சுத்தும்

டபுள்ஸ்ல சர்வீஸ் போடுறவர் தன்னோட வலது பாதிலேருந்து குறுக்க எதிராளியோட வலது பாதிக்குப் போடணும், நடுக்கோட்டுல பட்டா நல்ல பந்து. ரேலில ஒவ்வொருத்தரும் முறை வச்சு ஒரு தடவை அடிக்கணும், ஒரே ஆளு தொடர்ந்து ரெண்டு தடவை அடிச்சா பாயிண்ட் போச்சு.

வரிசைய ஒரு உதாரணத்துல சொல்றேன். ஒரு பக்கம் அண்ணனும் தம்பியும், எதிர்ப்பக்கம் மாமாவும் மருமகனும். அண்ணன் மாமாவுக்குப் போட்டு ஆரம்பிக்கறார். ரெண்டு சர்வீஸ் முடிஞ்சதும் வாங்குன மாமா சர்வீஸ் போடுவார், இதுவரைக்கும் போட்ட அண்ணன் ஒதுங்கிக்கிட்டு தம்பி வந்து வாங்குவார். அப்புறம் தம்பி மருமகனுக்கு, மருமகன் அண்ணனுக்கு, அதோட ஒரு சுத்து முடிஞ்சு திரும்ப அண்ணன் மாமாவுக்கு. ஒரே வரில சொல்லணும்னா வாங்குனவர் போடுவார், போட்டவரோட ஜோடி வாங்குவார்.

ஒரு சுத்துக்கு 8 பாயிண்ட், அதனால இங்க கூட்டுத்தொகைய 8ஆல வகுங்க. மிச்சம் 0, 1 வந்தா அண்ணன் மாமாவுக்கு. 2, 3 வந்தா மாமா தம்பிக்கு. 4, 5 வந்தா தம்பி மருமகனுக்கு. 6, 7 வந்தா மருமகன் அண்ணனுக்கு. 10-10ல 20, எட்டால வகுத்தா மிச்சம் 4, அப்ப டியூஸ்ல மொத சர்வீஸ் தம்பி மருமகனுக்கு. சிங்கிள்ஸ் மாதிரி ஆரம்பிச்ச ஆளுக்கே வரும்னு நெனச்சு அண்ணன் பந்தைக் கையில எடுத்துருவார், பாத்துக்கங்க.

அடுத்த கேம்ல மாமா ஜோடி ஆரம்பிக்கும். யாரு போடுறதுன்னு அவங்களே முடிவு பண்ணலாம், ஆனா வாங்குறவர் யாருன்னு விதி சொல்லிரும், போன கேம்ல அவருக்கு யாரு போட்டாங்களோ அவரேதான். மாமா போட்டா அண்ணன் வாங்கணும், மருமகன் போட்டா தம்பி வாங்கணும்.

கடைசி கேம்ல 5 தொட்டதும் பக்கம் மாறுறதோட இன்னொரு வேலையும் இருக்கு, அடுத்து வாங்க வேண்டிய ஜோடி ஆளை மாத்திக்கணும். அண்ணன் மாமாவுக்குப் போட்டு ஆரம்பிச்ச கடைசி கேம், 5-3ன்னு வச்சுக்கங்க, கூட்டுனா 8, வரிசைப்படி அண்ணன் மாமாவுக்குப் போடணும், ஆனா இப்ப மாமா ஒதுங்கிட்டு மருமகன் வந்து வாங்கணும். ஏன் இப்படின்னா டபுள்ஸ்ல யாரு அடிச்ச பந்தை யாரு எடுக்கறாங்கங்கறதுதான் எல்லாமே. அண்ணனோட ஸ்பின்னை மாமாவால எடுக்க முடியலன்னு வைங்க, அந்த வரிசைலயே கடைசி வரைக்கும் போனா அநியாயம்ல, அதுக்காக சரிபாதியா பிரிச்சு வச்சிருக்காங்க.

இதை நான் பட்டுத்தான் கத்துக்கிட்டேன். காலேஜ் படிக்கும்போது, 11 பாயிண்ட் வந்த புதுசு, ஒரு டோர்னமெண்ட்ல டபுள்ஸ் அஞ்சாவது கேம், எதிர்ஜோடி 5 எடுத்ததும் பக்கம் மாறுனோம், வாங்குற ஆளை மாத்தவே இல்ல. எங்களுக்கும் தெரியாது, ஸ்கோர் பாத்தவருக்கும் தோணல. எனக்கு ஒத்தே வராத ஒரு இடதுகைக்காரரோட பந்தை கடைசி வரைக்கும் நானே எடுத்தேன், 9-11ல போச்சு. முடிஞ்சப்புறம் இன்னொரு டீம் அண்ணன் ஒருத்தர் வந்து "ஏம்ப்பா மாத்திக்கலையா"ன்னு கேட்டார். அன்னைக்கு ராத்திரி பஸ்ல ஊருக்குத் திரும்புற வரைக்கும் யாரும் யாரோடயும் பேசல. விதி தெரியாம தோத்தது அடிக்கத் தெரியாம தோத்ததை விட வலிக்குது, இத்தனை வருஷம் கழிச்சும்.

சின்னச் சின்னதா இன்னும் கொஞ்சம்

கேம்களுக்கு நடுவுல 1 நிமிஷம் இடைவேளை. மேட்ச்சுக்கு ஒரு தடவை 1 நிமிஷம் டைம் அவுட் கேக்கலாம். 6 பாயிண்டுக்கு ஒரு தடவை வேர்வை தொடச்சுக்கலாம், டிவில பாத்தா கரெக்டா அந்த நேரத்துல டவலைத் தேடிப் போவாங்க. நடத்தை சரியில்லன்னா அம்பயர் மஞ்சள் அட்டை காட்டி எச்சரிப்பார், திரும்பப் பண்ணுனா எதிராளிக்கு 1 பாயிண்ட், அதுக்கு மேலயும் போனா 2 பாயிண்ட்.

ஒரு கேம் 10 நிமிஷத்தைத் தாண்டி, ரெண்டு பேரு பாயிண்டும் சேந்து 18 தொடலன்னா எக்ஸ்பெடைட்னு ஒரு முறை வரும். ஆளுக்கு ஒரு சர்வீஸா மாறும், வாங்குறவர் 13 தடவை பந்தை ஒழுங்காத் திருப்பிட்டா பாயிண்ட் அவருக்கு. வீட்டாட்டத்துல இது வரவே வராது. ஆனா இது ஏன் வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கங்க, 1936ல பிராக்ல நடந்த உலக சாம்பியன்ஷிப்ல எர்லிக்னு போலந்துக்காரரும் பானெத்னு ருமேனியாக்காரரும் ஆடுன மேட்ச்ல ஒரே ஒரு பாயிண்ட் ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஓடுச்சு.

வீல்சேர்ல இருந்து ஆடுறவங்களுக்கு பாயிண்ட் கணக்கு இதேதான், சர்வீஸ்ல ஒரு முக்கியமான வித்தியாசம், வாங்குறவர் பக்கம் குத்துன பந்து திரும்ப நெட்டைப் பாத்துப் போனாலோ, அங்கயே நின்னுட்டாலோ, சிங்கிள்ஸ்ல பக்கக் கோட்டுவழியா வெளிய போனாலோ லெட். 2021ல டோக்கியோ பாராலிம்பிக்ஸ்ல பவினா பட்டேல் வெள்ளி வாங்குன மேட்ச்களை இதைத் தெரிஞ்சுக்கிட்டுப் பாருங்க.

ஒரு ஸ்கோர் போர்டைப் படிச்சுப் பாப்போம்

2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த்ல நம்ம சரத் கமல் இங்கிலாந்தோட லியம் பிட்ச்ஃபோர்டை சிங்கிள்ஸ் ஃபைனல்ல ஜெயிச்சு தங்கம் வாங்குனார்ல, 2006 மெல்போர்ன்ல வாங்குனதுக்கு 16 வருஷம் கழிச்சு. ஸ்கோர் 11-13, 11-7, 11-2, 11-6, 11-8. மொத கேமைப் பாருங்க, 11-13னா 10-10, 11-11 ரெண்டையும் தாண்டி வந்திருக்கு, டியூஸ்ல விட்டுட்டார். 7 கேம் மேட்ச், 4 எடுத்தா போதும், அடுத்த நாலையும் வரிசையா எடுத்ததால அஞ்சாவதுலயே முடிஞ்சுது, ஆறும் ஏழும் தேவைப்படல. கடைசி கேம் 11-8ல பக்கம் 5ல மாறியிருக்குமான்னு கேட்டா இல்ல, அது ஏழாவது கேமா இருந்தாத்தான் மாறும். வெறும் நம்பரா தெரிஞ்சது இப்ப கதையா தெரியுதுல்ல.

ஸ்கோர் எழுத ஆளு இல்லன்னா

எங்க அம்மா, பிள்ளைகளுக்கு அப்பத்தா, ஒரு வழி கண்டுபுடிச்சு வச்சிருக்காங்க. வீட்டுல பழைய பல்லாங்குழிப் பலகை இருக்கு, ஏழும் ஏழும் பதினாலு குழி. மேல் வரிசைல அஞ்சு குழி, கீழ் வரிசைல அஞ்சு குழி, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு புளியங்கொட்டை போடுவாங்க. மேல் வரிசை கேமை ஆரம்பிச்சவரோடது, கீழ் வரிசை மத்தவரோடது. ஒரு குழிங்கறது ஒரு முறை சர்வீஸ். பாயிண்ட் முடிஞ்சதும் நடக்கற குழிலேருந்து ஒரு கொட்டைய எடுத்து யாரு ஜெயிச்சாங்களோ அவங்க வரிசைக் கடைசிக் குழில போடுவாங்க. மேல் குழி காலியானா கீழ, கீழ காலியானா அடுத்த மேல் குழி. நடக்கற குழி எந்த வரிசைல இருக்கோ அந்த வரிசைக்காரர் சர்வீஸ், பாத்தாலே தெரியும், கூட்டவும் வேண்டாம் வகுக்கவும் வேண்டாம். யாருக்காச்சும் 11 சேந்தா கேம் முடிஞ்சுது. சேராமலே இருபது கொட்டையும் தீந்து போச்சுன்னா 10-10, வேற எதுவும் வர வழியே இல்ல.

அப்ப அப்பத்தா பட்டாலைல சாஞ்சுக்கிட்டே "தீந்துருச்சுடா, இனி ஒண்ணொண்ணா போடுங்க"ன்னு குரல் குடுப்பாங்க, பெரியவன் பந்தை எடுப்பான்.